முப்பது வருடம் பீடித்தட்டின் முன் குனிந்த முதுகு: இயக்கச் சிகிச்சை பயன்படுமா?

முக்கூடலான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 30 வருடங்களுக்கும் மேலாகப் பீடி சுற்றி வருகிறார். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டார் என்றால், மத்தியானச் சோற்றுக்கு எழுவதைத் தவிர, சாயங்காலம் பீடிக்கடைக்குக் கொண்டுபோகும் நேரம் வரை அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். இரண்டு மூன்று வருடங்களாக மேல்முதுகு கூனிக்கொண்டே வருகிறது. கழுத்து முன்னால் நீண்டு நிற்கிறது. தரையிலிருந்து எழும்போது ஒரு கையைச் சுவரிலும் மறு கையை முழங்காலிலும் ஊன்றிப் பாதி எழுந்து, சற்று நேரம் அப்படியே நின்று, பிறகுதான் நிமிர்கிறார்.

நகரத்தில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் பத்து நாட்கள் அழைத்துப் போனேன். தினமும் கரண்ட் வைத்தார்கள், சூட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நாளும் வலி குறைந்திருந்தது. அடுத்த வாரமே பழைய நிலைக்கு வந்துவிட்டது. அவர் எப்படி உட்காருகிறார், என்ன வேலை செய்கிறார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் மனக்குறை. பிறகு தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நான்கு நாள் போட்டார். இப்போது அது முருங்கைக்காய்ப் பையோடு ஆணியில் தொங்குகிறது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், இயக்கச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, அலெக்சாண்டர் முறை, ஃபெல்டன்கிரைஸ் முறை என்றெல்லாம் சொல்வார்கள், நிற்பது நடப்பது உட்காருவது எல்லாவற்றையும் புதிதாகப் பழக்கிவிடுவார்கள் என்றார். இது உடற்பயிற்சியிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது? இந்த வயதில் கூன் மாறுமா? வீட்டில் நாங்களாகச் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? "நிமிர்ந்து உட்காருங்கள் அம்மா" என்று நான் சொல்லும்போதெல்லாம், "ஏல, நிமிந்து இருந்தா பீடி யாருல சுத்துவா?" என்று கேட்கிறார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பாளை இயன்முறை (மறுமொழி)

தம்பி, உங்கள் அம்மா கேட்ட கேள்வி மிகச் சரியானது. அதற்கு வருவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பாளையங்கோட்டையில் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன். இதைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வராது. மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆன பெண்ணுக்கு இரண்டு மூன்று வருடங்களுக்குள் கூன் கூடுகிறது என்றால், அது பழக்கத்தால் வந்த வளைவாகவும் இருக்கலாம், எலும்பு மெலிந்து முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கியதாலும் இருக்கலாம். நசுங்கும்போது பெரிய வலி இல்லாமலே போய்விடுவதும் உண்டு. உயரம் குறைந்திருப்பதை வைத்துத்தான் பிறகு தெரிந்துகொள்வார்கள். ஆகவே முதலில் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காட்டி ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மருத்துவர் சொன்னால் எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுக்கலாம். அதுவரை யாரும் முதுகை அழுத்தித் தேய்க்கவோ, முறித்து எடுக்கவோ விடாதீர்கள். நம் ஊரில் தொக்கணம் என்ற சித்த மருத்துவப் பிடித்துவிடும் முறைக்கும் வர்மத்துக்கும் நல்ல கைகள் இருக்கின்றன, சித்த மருத்துவக் கல்லூரியே நம் பாளையில்தான் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் போவதாக இருந்தாலும் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கால் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, இரவில் படுத்தாலும் தீராத வலியோடு காய்ச்சலோ எடை குறைவோ இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த உரையாடலை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அடுத்து, வளைவு இறுகிவிட்டதா, இன்னும் இளக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் சுவரில் படும்படி அம்மாவை நிற்கச் சொல்லுங்கள். முகவாயைத் தூக்காமல் பின்தலை சுவரில் படுகிறதா என்று கவனியுங்கள். படவில்லை என்றால் இடையில் எத்தனை விரல் நுழைகிறது என்று அளந்து குறித்துவையுங்கள். பிறகு தரையில் மல்லாந்து படுக்கச் சொல்லிப் பாருங்கள். நிற்கும்போது இருந்த இடைவெளி படுத்ததும் குறைகிறது என்றால், அந்த அளவுக்கு வளைவு இன்னும் இளக்கமாக இருக்கிறது என்று பொருள். இன்னொன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்: காலையில் வாசலில் கோலம் போடும்போது அவருடைய முதுகு எப்படி இருக்கிறது?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், தமிழில் 'இடுப்பு' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு இடங்களுக்குப் பயன்படுத்துகிறோம். சேலை சொருகும் இடமும் இடுப்பு, தொடை எலும்பு வந்து பொருந்தும் மூட்டும் இடுப்பு. "இடுப்பை வளைத்துக் குனி" என்றதும் பெரும்பாலோர் சேலை சொருகும் இடத்தில்தான் வளைகிறார்கள். அங்கே இருப்பது கீழ்முதுகின் ஐந்து முதுகெலும்புகள். உண்மையில் குனிவதற்கென்று உள்ள பெரிய கீல் அதற்கு ஒரு சாண் கீழே, தொடையும் வயிறும் மடிகின்ற தொடைச்சந்தில் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் நடவு நடும் பெண்களைப் பாருங்கள், முதுகு பலகைபோல் நீண்டிருக்க, தொடைச்சந்தில் மட்டும் மடிந்து நிற்பார்கள். கோலம் போடும் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அது இருக்கும். நான் சிகிச்சைக்கு வருபவர்களிடம் இரண்டு கைகளின் ஓரத்தையும் தொடைச்சந்தில் வைத்துக்கொண்டு, கை நசுங்கும்படி குனியச் சொல்வேன். பத்தில் ஏழெட்டுப் பேர் முகத்தில் அப்போது ஒரு திகைப்பு வரும்.

இனி நீங்கள் கேட்ட வேறுபாடு. உடற்பயிற்சி தசைக்கு வலுவும் நீட்சியும் கொடுக்கிறது, அது தேவை. இயக்கச் சிகிச்சை என்று பொதுவாகச் சொல்லப்படும் முறைகள், ஒரு வேலையைச் செய்யும்போது தேவையே இல்லாத எந்த இறுக்கத்தைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதை அவரவரே கண்டுகொள்ளப் பழக்குகின்றன. "நிமிர்ந்து உட்கார்" என்றால் ஏன் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை? நிமிர்வதாக நினைத்து நெஞ்சைத் தூக்கி, தோளைப் பின்னால் இழுத்து, அவசரத்துக்கு உதவும் மேல்தசைகளை முடுக்கிவிடுகிறோம்; அவை நீண்ட நேரம் தாங்கும் தசைகள் அல்ல, விரைவில் களைத்துத் தளர்கின்றன. பெல்ட் ஆணிக்குப் போனதற்கும் இதுதான் காரணம். ஃபெல்டன்கிரைஸ் என்பவர் 1904-இல் பிறந்த இயற்பியலாளர், ஜூடோ வீரர், தன் முழங்கால் காயத்திலிருந்து தொடங்கி அந்த முறையை வகுத்தார். படுத்துக்கொண்டு மிகச் சிறிய, மெதுவான அசைவுகளைச் செய்து கவனிப்பதுதான் அதன் உயிர். அலெக்சாண்டர் முறையில் உட்காருதல், எழுதல் போன்ற அன்றாட அசைவுகளையே பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆதாரம் என்ன என்று கேட்டால், அலெக்சாண்டர் முறைக்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நாட்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் கீழ்முதுகு வலி உள்ள 579 பேர் அதில் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரங்களில் நடுவளவாக 21 நாட்கள் வலி இருந்தது. 24 பாடங்கள் கற்றவர்களுக்கு அது 3 நாட்களாகவும், 6 பாடங்கள் கற்றவர்களுக்கு 11 நாட்களாகவும் இருந்தது. அதே ஆய்வில் மசாஜ் பெற்றவர்களுக்கு அதன் பலன் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், அது இங்கிலாந்தில், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு ஒருவராகக் கற்பித்தது. அளந்தது வலியையும் அன்றாட இயலாமையையும், கூனை அல்ல. அங்கே ஓர் ஆசிரியர் ஆவதற்கு மூன்று வருடங்களில் 1600 மணி நேரம் பயில வேண்டும். ஆகவே இரண்டு நாள் வகுப்பு முடித்துவிட்டு அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்பவர்களிடம், எங்கே எத்தனை காலம் பயின்றீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

அம்பை தமிழாசிரியை (மறுமொழி)

தம்பிக்கு, மேலே எழுதியவர் சொன்ன பாடங்களை நான் நேரில் கற்றவள் என்பதால் எழுதுகிறேன். 28 வருடங்கள் அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் கத்திக் கத்தித் தொண்டை கம்மிப்போய், கழுத்து வலியோடு ஓய்வு பெற்றேன். லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஐந்து மாதங்களில் அவள் வற்புறுத்தலால் 14 பாடங்களுக்குப் போனேன். கட்டணத்தைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் அரை மணி நேரமும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இதற்கா இவ்வளவு காசு என்று மனத்துக்குள் பொருமினேன். எழுந்திருங்கள் என்று அந்த ஆசிரியை சொன்னதும், நான் எழுவதற்கு முன்னாலேயே முகவாய் மேலே போய், பின்கழுத்து சுருங்கி, மூச்சு நின்று, கைகள் முழங்காலைப் பிடித்துவிடுகின்றன. அவருடைய கை என் பின்கழுத்தில் சும்மா, ஒரு இலை விழுந்ததுபோல, இருந்தது. அந்தக் கைக்குக் கீழேதான் இத்தனையும் நடக்கிறது என்பதை நான் மூன்றாம் பாடத்தில்தான் உணர்ந்தேன். அதற்குப் பிறகு அவர் கற்றுத்தந்ததெல்லாம் ஒரு சிறு நிறுத்தம். எழ வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் உடனே எழாமல், கழுத்தை விட்டுவிட்டு, தலை முன்னும் மேலும் போகட்டும் என்று நினைத்து, பிறகு தொடைச்சந்தில் மடிந்து எழுவது.

இந்த முறையைத் தொடங்கிய அலெக்சாண்டர் 1869-இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் கவிதை ஒப்பிப்பவர். மேடையில் குரல் போய்விடும், வீட்டில் சரியாக இருக்கும். மருத்துவர்களால் காரணம் சொல்ல முடியாமல் போகவே, கண்ணாடிகளை வைத்துத் தன்னைத்தானே மாதக்கணக்கில் பார்த்து, பேசத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அழுத்திக்கொள்வதைக் கண்டுபிடித்தார். பாடம் நடத்துகிற எனக்கு அந்தக் கதையைக் கேட்டதும் என் தொண்டையைப் பற்றி ஒரு புத்தகமே புரிந்ததுபோல் ஆயிற்று.

உங்கள் அம்மா வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு, மருத்துவர் எலும்பில் முறிவு இல்லை என்று சொன்ன பிறகு தொடங்கட்டும். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, கண்களை மூடாமல் 15 நிமிடம் கிடக்க வேண்டும். தலைக்கடியில் தலையணை வேண்டாம், அது அமுங்கும். புத்தகம் வைக்க வேண்டும். நான் லண்டனிலிருந்து வந்தபின் இரண்டு பழைய பஞ்சாங்கங்களை வைத்துக்கொள்கிறேன். முகவாய் வானத்தைப் பார்த்தால் உயரம் போதவில்லை, தொண்டை நெருக்கினால் அதிகம். கூன் உள்ளவருக்கு நான்கு புத்தகம்கூடத் தேவைப்படலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்துப் புரண்டு, கையூன்றி எழ வேண்டும்.

ஆலங்குளம் பீடித்தட்டு (மறுமொழி)

நான் மருத்துவமும் படிக்கவில்லை, லண்டனும் போகவில்லை. 19 வருடம் பீடி சுற்றியவள், இப்போது தையல் வேலை பார்க்கிறேன். மேலே பெரியவர்கள் எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி கணக்கு வைத்திருப்பவளிடம் 'ஒரு சிறு நிறுத்தம்' என்று சொன்னால் அவள் சிரிப்பாள். ஊறவைத்த இலை காய்வதற்குள் வெட்ட வேண்டும், வெட்டியது காய்வதற்குள் சுற்ற வேண்டும், கடையில் கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. குனிவது உடம்பின் பழக்கம் மட்டும் அல்ல, வேலை குனிய வைக்கிறது. அதனால் வேலையை இடம் மாற்றி வைப்பதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

முதலில் தரையில் வெறுமனே உட்காரக் கூடாது. பழைய போர்வையை நான்காக மடித்தோ, உட்காரும் மணையை வைத்தோ, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் பின்பக்கத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். முழங்கால் உயர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் இருந்தால் முதுகு தானாகவே கூனிப் பின்னால் சாயும். உயரத்தில் உட்கார்ந்தால் யாரும் சொல்லாமலே கொஞ்சம் நிமிர்ந்துவிடும். இரண்டாவது, தட்டு மடியில் கிடக்கக் கூடாது. நான் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டை வைத்து, தட்டின் ஓரத்தை வயிற்றோடு ஒட்டி இழுத்துக்கொள்வேன். முதல் இரண்டு நாள் கை தடுமாறும், தூள் சிந்தும். மூன்றாம் நாள் பழகிவிடும். மூன்றாவது, மடக்கும் காலை மாற்ற வேண்டும். காலையில் வலது காலை மடக்கினால் மத்தியானத்துக்குப் பிறகு இடது காலை மடக்க வேண்டும்.

நான்காவதைத் தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தம்பி, உங்கள் அம்மா கண்ணாடி போடுகிறாரா? எனக்கு 44 வயதில் கழுத்து வலி என்று எண்ணெய் மேல் எண்ணெயாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண் முகாமில் கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்குக் கண்ணாடி கொடுத்தார்கள். போட்ட பிறகுதான் தெரிந்தது, நூல் கட்டும் இடம் மங்கலாகத் தெரிந்ததால் தலையைத் தட்டுக்குள் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் இதே கதைதான், சொந்த நிழல் தட்டில் விழும்.

முக்கூடலான் (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய அண்ணாச்சிக்கும், டீச்சர் அவர்களுக்கும், ஆலங்குளம் அக்காவுக்கும் நன்றி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு நசுங்கல் இல்லை. எலும்பு சற்று மெலிந்திருக்கிறது என்று சொல்லி மருத்துவர் மாத்திரையும், தினமும் வெயிலில் நடையும் எழுதித் தந்தார். சுவரில் நிற்கவைத்து அளந்தபோது பின்தலைக்கும் சுவருக்கும் இடையில் என் விரல் ஐந்து நுழைந்தது. படுக்கவைத்தால் இடைவெளி பாதிக்கு மேல் குறைந்தது. கோலத்தைப் பற்றி அண்ணாச்சி கேட்டிருந்தாரே, மறுநாள் விடியற்காலை எழுந்து அம்மாவுக்குத் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். 58 வருடம் பழகிய அந்த உடம்பு, வாரியலைச் சாத்திவிட்டுக் கோலப்பொடியை எடுத்ததும், தொடைச்சந்தில் மடிந்து, முதுகு நீண்டு, ஐந்து புள்ளிக் கோலத்தைச் சுற்றி இழுத்து முடிக்கும் வரை கூனவே இல்லை. அதே மனுஷி ஒரு மணி நேரம் கழித்துத் தட்டின் முன் உட்கார்ந்ததும் ஐந்து விரல் கூன் திரும்பி வந்துவிட்டது. "கோலம் போடுவதுபோல் குனியுங்கள்" என்று சொன்னேன். "அதுக்கென்னல, அப்படிச் சொன்னா புரியுது" என்றார்.

ஆலங்குளம் அக்கா சொன்னது அப்படியே பலித்தது. அம்மாவின் கண்ணாடி பதினொரு வருடம் முந்தையது. பவர் மிகவும் மாறியிருந்தது. புதுக் கண்ணாடி, மடித்த போர்வை, கவிழ்த்த தகர டப்பா, ஜன்னலைப் பார்த்த உட்காரல், இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றியது என் தவறு. முதல் வாரம் ஆயிரம் பீடி எண்ணூறுக்கு இறங்கியது, வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டார். பிறகு கண்ணாடியையும் போர்வையையும் மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாம் வாரம் டப்பாவைத் தானே தேடி எடுத்து வந்தார். இப்போது ஏறக்குறைய பழைய கணக்குக்கு வந்திருக்கிறார்.

டீச்சர் சொன்ன படுக்கை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கிறது. சாப்பிட்ட பிறகு படுத்தால் தூங்கிவிடுகிறார். மூன்று புத்தகத்தில் தொடங்கி இப்போது இரண்டில் நிற்கிறது. நிறுத்தம் மட்டும் வேலை நேரத்தில் நடக்கவில்லை. நூறு பீடிக்கு ஒரு முறை தண்ணீர்க் குடத்துக்கு எழுந்து போவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம், அந்த எழுதலில் மட்டும் முயல்கிறார். சுவரைப் பிடிக்காமல் எழுகிறார், ஆனால் முழங்காலில் கையூன்றுவது நிற்கவில்லை. சாயங்கால வலி போகவில்லை, இரவு வலி போயிருக்கிறது. சுவரில் அளந்தால் நான்கு விரலும் சற்றுக் கூடவும். முழங்காலுக்கு என்ன செய்யலாம், அண்ணாச்சி?

பாளை இயன்முறை (மறுமொழி)

ஏழு வாரத்தில் இது நல்ல மாற்றம்தான், தம்பி. வளைவில் இறுகிப்போன பகுதி அப்படியே இருக்கும், அதை எதிர்பார்க்காதீர்கள். இளகிய பகுதியைக் காப்பாற்றினாலே பெரிது. முழங்காலுக்கு, தரையிலிருந்து நேராக எழுவதையே நிறுத்திவிடுங்கள். ஒரு பக்கமாகத் திரும்பி, இரண்டு கைகளையும் முன்னால் இருக்கும் உறுதியான முக்காலியில் வைத்து, முட்டிபோட்டு, வலு உள்ள காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, தொடைச்சந்தில் மடிந்தபடி எழ வேண்டும். முக்காலி வழுக்காமல் சுவரை ஒட்டி இருக்கட்டும். தினமும் உயரமான கட்டிலின் விளிம்பிலிருந்து கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது தொடைக்கு வலு தரும். வலித்தால் ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டு வர முடியாத நாட்கள் என்றாவது வந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவைக்கலாம்.

அடுத்த மாதமும் சுவரில் அளந்து எழுதுங்கள். ஆனால் அளப்பது உங்கள் விரலாகவே இருக்கட்டும். வீட்டில் வேறு யாராவது தங்கள் மெல்லிய விரலை வைத்து அளந்தால், நான்கு மறுபடியும் ஐந்தாகி, டப்பா மறுபடியும் பறந்துவிடும்.